நின்றுபோன புல்லட்டை என்ன செய்வது?

மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், நெல் நன்றாக விளைந்த காலத்தில் கட்டப்பட்ட வீடுகளின் கொல்லைக் கொட்டகையிலோ வண்டிக்கொட்டிலின் மூலையிலோ, சாக்குப் போர்த்திய ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்பதை இன்றும் பார்க்கலாம். சக்கரங்கள் இரண்டும் காற்றிறங்கி மண்ணில் பதிந்திருக்கும். இருக்கையின் மேல் காலி உரச் சாக்குகளும் ஓட்டை விழுந்த முறமும் தேங்காய் மட்டைகளும் ஏறியிருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டால் 'அது அப்பா வண்டி' என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

இவ்வாறு நிற்கும் வண்டிகளுக்கு இப்போது மூன்று கதிகள் வாய்க்கின்றன. அப்படியே நின்று மட்கிப்போவது ஒன்று. வெளியூரிலிருந்து வரும் பழைய வண்டி வியாபாரியிடம் போவது இன்னொன்று. அவர் ஊர் ஊராக ஆள் வைத்து விசாரித்து, ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, இரும்பு விலைக்குச் சற்று மேலே ஒரு தொகையைக் கையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார். மூன்றாவது, பெருநகரத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ திரும்பும் மகனோ பேரனோ அதை அக்கு அக்காகப் பிரித்து, துருவையெல்லாம் உரித்து, புதுச் சாயம் பூசி, புது முலாம் ஏற்றி, முன்கூடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. முதலாவதை எல்லோரும் குறை சொல்கிறார்கள். இரண்டாவதைச் சிலர் குறை சொல்கிறார்கள். மூன்றாவதைப் புகைப்படம் எடுத்துப் பாராட்டுகிறார்கள். எனக்கு அதிகம் உறுத்துவது அந்த மூன்றாவதுதான். பழைய எந்திரத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதை மறுபடி ஓடவைப்பது. ஓடத் தொடங்கியதும் கையை எடுத்துக்கொள்வது. மற்றதெல்லாம் நம்முடைய ஆசைக்காக நாம் செய்துகொள்கிற அலங்காரம்.

புல்லட் நமக்கு அந்நியச் சரக்கு மட்டுமல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ளவேண்டும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்ட் நிறுவனத்தின் வண்டி அது. எல்லைக் காவலுக்காக 1950களில் இந்திய அரசு 350 சி.சி. புல்லட்டுகள் 800ஐ வாங்க ஆணை கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ஆங்கில நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. தொடக்கத்தில் பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்ட வண்டி, சில ஆண்டுகளில் இங்கேயே வார்த்துக் கடைந்து செய்யப்படலாயிற்று. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தின் உற்பத்தியே நின்றுவிட்டது. தாய்வீடு இடிந்த பிறகும் பிள்ளை திருவொற்றியூரில் தொடர்ந்து வாழ்ந்தது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை 2010 வாக்கில் நிறுத்தும்வரை அதன் அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றமில்லை. ஒற்றை சிலிண்டர், 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 சி.சி. மன்னார்குடிப் பக்கத்து ஆயில் எஞ்சினுக்குப் பழகிய காதுக்கு அந்த ஓசை புதிதாக இருந்திருக்காது. பில்டர் பாயிண்ட் போட்டு ஆற்றுப்படுகை நீரை இறைத்த டீசல் எஞ்சின்களும் இதே ஒற்றைச் சிலிண்டர் சாதிதான். நிதானமாக, எண்ணி எண்ணி வெடிப்பவை.

(சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார், திருவொற்றியூரில் சங்கிலியார். ஒற்றியூரை விட்டுப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறி ஆரூருக்குக் கிளம்பியதால் அவருக்குக் கண் போயிற்று. ஒற்றியூரிலிருந்து ஆரூர்ச் சீமைக்கு வந்த புல்லட் தன் சங்கிலியைக் கூடவே கொண்டுவந்துவிட்டது. அதனால் பிழைத்தது என்று நண்பர் ஒருவர் சொல்வார்.)

இந்த வண்டிகள் ஏன் நின்றன? ஓட்டியவருக்கு வயதானது ஒரு காரணம். நிலம் பிரிந்தது இன்னொன்று. பெரிய காரணம் 1980களின் நடுவில் வந்த நூறு சி.சி. வண்டிகள். இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100, கவாசாகி பஜாஜ் என்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வரிசையாக ஜப்பானியக் கூட்டு வண்டிகள் வந்து இறங்கின. பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு என்பதே ஹீரோ ஹோண்டாவின் புகழ்பெற்ற விளம்பர வாசகம். அந்த மூன்று சொற்களில் ஒரு யுகமாற்றம் இருக்கிறது என்று நினைக்கிறேன். புல்லட் மறக்கமுடியாத வண்டி. பாயிண்ட் இடைவெளியை நினைவு வைத்திருக்கவேண்டும், ஆயிலை நினைவு வைத்திருக்கவேண்டும், எந்தப் போல்ட் தளரும் என்று நினைவு வைத்திருக்கவேண்டும். மறக்கலாம் என்று அனுமதி கிடைத்ததும் எல்லோரும் மறந்தார்கள். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. எட்டு மைல் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியர் வண்டியோடு தத்துவ விசாரமா செய்துகொண்டிருப்பார்?

நிற்கும் வண்டி தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறான உருவகம். ஓடித் தேயும் எந்திரத்தைவிட நின்று கெடும் எந்திரமே அதிகம், அதிலும் நம் டெல்டாவின் ஈரக்காற்றில். பெட்ரோல் மெல்ல ஆவியாகி, கார்புரேட்டரின் அடியில் அரக்குப் போன்ற ஒரு பிசினை விட்டுச்செல்கிறது. மயிரிழைத் துளையுள்ள பைலட் ஜெட் முதலில் அடைபடும். காலி டேங்கின் உட்சுவரில் ஈரம் படிந்து துரு பூக்கிறது. பாயிண்டின் முனைகளில் சாம்பல் நிறப் படலம் ஏறுகிறது. பிரேக் லைனிங் ஷூவை விட்டு உரிகிறது. சக்கர பேரிங்கின் க்ரீஸ் சவுக்காரக் கட்டிபோல இறுகுகிறது. இவற்றோடு உயிருள்ள குடித்தனக்காரர்களும் உண்டு. சைலன்சரின் வாயைக் குளவி மண்ணால் பூசியிருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி நெல்லுமியும் வைக்கோலும் கொண்டு பிரசவ அறை கட்டியிருக்கும். அறுவடை எந்தக் களத்தில் நடந்தாலும் எலிக்குப் பங்கு உண்டு.

இவற்றைவிட நுட்பமான கேடு ஒன்று புல்லட்டுக்கே உரியது. அதன் எஞ்சின் ஆயில் கிராங்க் உறையோடு சேர்த்து வார்த்த ஒரு தனி அறையில் இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை எஞ்சினுக்கு அனுப்பும். கீழே வடிவதை அதைவிடப் பெரிய இன்னொரு பம்ப் எடுத்துத் திரும்ப அறையில் சேர்க்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் ஆயில் பம்பின் இடுக்குகள் வழியே சிறிது சிறிதாகக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அளவுக்குச்சியை எடுத்துப் பார்ப்பவருக்கு ஆயிலே இல்லாததுபோலத் தெரியும். மேலும் ஊற்றுவார். ஊற்றியபின் உதைத்தால், எப்படியோ எஞ்சின் பிடித்துவிட்டால், தெரு முழுக்கப் புகை மண்டும். எங்கெங்கு சீல் இருக்கிறதோ அங்கெல்லாம் ஆயில் வழியும். அது சிறிய சேதம். டைமிங் மூடிக்குப் பின்னால் நடுவே துளையிட்ட ஒரு சிறு போல்ட் இருக்கிறது. கிராங்கின் முனைக்குள் நுழைந்து, கனெக்டிங் ராடின் அடிமுனைக்கு ஆயிலைக் கொடுப்பது அதுதான். இருபது ஆண்டுப் பழைய ஆயிலின் கசடு அந்தத் துளையை அடைத்திருந்தால், உற்சாகமாக வண்டியைக் கிளப்பிய பத்து நிமிடத்தில் எஞ்சினின் உயிர்நாடி வறண்டுபோகும். இத்தனை ஆண்டுகள் நின்று கெடாதது அந்தப் பத்து நிமிடத்தில் கெட்டுவிடும்.

எனவே கிளப்பும் ஆசைதான் முதல் எதிரி. எங்கள் பெரியப்பாவின் 1974ஆம் ஆண்டு வண்டி 2003இல் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் குறுவைக்கு மேட்டூர் திறக்கவில்லை என்பதைச் சொன்னால், ஏன் நிறுத்தினார் என்று டெல்டாக்காரர்களுக்குத் தனியாக விளக்கவேண்டியதில்லை. பின்னர் அவர் காலமானார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொட்டகையின் கூரை அதன்மேல் விழுந்தது. வண்டி அசையவில்லை. சென்ற ஆண்டு அதைப் பார்க்க வந்த மெக்கானிக்குக்கு எழுபதை ஒட்டிய வயது. கொட்டகைக்குள் நுழைந்ததும் என் தம்பி கிக்கரில் கால் வைப்பதைப் பார்த்து அவர் சொன்ன முதல் வாக்கியம்: "ஒதைக்காதீங்க தம்பி. மொதல்ல அது மூச்சு விடுதான்னு பாப்போம்."

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அந்தத் துளை வழியே சிறிது ஆயிலும் டீசலும் கலந்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் வரவேயில்லை. நான்காம் நாள் வந்து கியரைப் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தார். எட்டிப் பார்த்த எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அரைமணி நேரம் கழித்துச் சக்கரத்தோடு சேர்ந்து உள்ளே பிஸ்டன் நகர்ந்தது. பிளக் துளையில் விரலை வைத்துக் காற்றுத் தள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டார். அடியிலிருந்த வடிப்பான் போல்ட்டுகளைக் கழற்றியபோது தார்போல் கறுத்த ஆயில், நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு, இறங்கியது. டைமிங் மூடியைத் திறந்து அந்தத் துளைப் போல்ட்டை எடுத்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மண்ணெண்ணெய் இப்போது கிடைப்பது அரிதாகிவிட்டதால் டீசலில்தான் கழுவுகிறார்கள். அவருக்கு அதில் வருத்தம். ஜெட்டின் துளைக்கு எஃகு ஊசியைக் கொண்டுபோன பையனின் கையைத் தட்டிவிட்டு, ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவிக் கொடுத்தார். பாயிண்ட் இடைவெளிக்கு அவர் வைத்திருக்கும் அளவுகோல் பழைய விசிட்டிங் கார்டு ஒன்று. கிட்டத்தட்டச் சரியான அளவுதான் அது. புத்தகம் சொல்வது மில்லிமீட்டரில் பத்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு. டேங்கினுள் புளிக்கரைசலையும் ஒரு பழைய சைக்கிள் சங்கிலியையும் போட்டு, இருவர் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு பகல் முழுக்கக் குலுக்கினோம். புதிய ஆயிலை ஊற்றியபின் பிளக் இல்லாமலே பலமுறை உதைக்கச் சொல்லி, மேலே ராக்கருக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டைத் தளர்த்திவைத்து, அங்கே ஆயில் கசிந்து வருவதைக் கண்ணால் கண்டபின்புதான் பிளக்கைப் பூட்டினார்.

அவ்வளவுக்கும் பிறகு கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்க்கவேண்டும். முள் இடப்பக்கம் சாய்ந்திருந்து சட்டென்று நடுவுக்கு வரும் கணம், பாயிண்ட் விலகிய கணம். பிஸ்டன் மேல்நோக்கி அழுத்தத்தில் நிற்கிறது என்று பொருள். அப்போது இடக்கைப் பக்கமிருக்கும் டிகம்ப்ரஸர் கொண்டையை இழுத்து, அடக்கிய காற்றைச் சிறிது வெளியே விட்டு, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் தள்ளிவைத்துக்கொண்டு, கொண்டையை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு எடையோடு ஒரே உதை. இந்த வரிசை தெரியாமல் உதைத்தவர்களின் கணுக்காலைப் புல்லட் திருப்பி உதைத்திருக்கிறது. பலம் மிக்கவர்கள் ஓட்டும் வண்டி என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. அது பொய். சாய்ந்த முள் நடுவுக்கு வரும்வரை காத்திருக்கத் தெரிந்த யாரும் இதைக் கிளப்பலாம்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. கிராமத்து இளைஞனாக ஓர் ஆங்கில அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவையில் ஓட்டல் பரிமாறுபவராக வேலைசெய்து பணம் சேர்த்து, அதை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் அவர் அதில் ஊர் சுற்றவில்லை. பிரித்தார், மறுபடி பூட்டினார். 1920இல் பேருந்து ஓட்டத் தொடங்கி, பிறகு மோட்டார்கள் செய்து, தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் ஓர் அத்தியாயமானவரின் பல்கலைக்கழகம் அந்தப் பிரித்துப்போட்ட வண்டிதான். ஒரு பொருளை அறிவதும் அதை உடைமையாக வைத்திருப்பதும் வேறு வேறு என்பதை அவர் அந்த வயதில் புரிந்துகொண்டிருந்தார்.

இலக்கிய வாசகர்களுக்கு ராபர்ட் பிர்சிக்கின் பெயரைச் சொல்லாமல் மோட்டார் சைக்கிள் பற்றி எழுத முடியாது போலிருக்கிறது. 1968இல் மகனோடு ஹோண்டாவில் அவர் செய்த பயணம் 1974இல் நூலாக வந்தது. அதில் எனக்குப் பிடித்த இடம் தத்துவப் பகுதிகள் எதுவும் அல்ல. நண்பரின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. வண்டியின் கைப்பிடி தளர்ந்து நழுவுகிறது. காலி பீர் டப்பாவின் தகட்டில் ஒரு துண்டு வெட்டிச் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு அது அவமானமாகப் படுகிறது. என் ஜெர்மன் வண்டிக்குப் பீர் டப்பாவா? நம் மெக்கானிக்குக்கு அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினால் இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பார். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தான். கேஸ்கெட் கிடைக்காத நாளில் காலண்டர் அட்டையில் வெட்டி ஆயிலில் ஊறவைத்து வைத்தார். ரப்பர் கிடைக்காத நாளில் லாரி டியூப். 2019இல் பிர்சிக்கின் ஹோண்டா ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ராஜஸ்தானின் பாலி அருகே, 1988இல் விபத்தில் இறந்த ஓம் பன்னாவின் புல்லட்டோ மாலைகளோடு தெய்வமாகவே நிற்கிறது. அருங்காட்சியகம், கோயில் என்று இரண்டு வழியிலும் ஒரு வண்டி நிரந்தரமாக நின்றுவிட முடியும்.

புதுப்பிக்கும் மோகத்தைப் பற்றிச் சொல்லவந்தேன். மன்னார்குடி மதிலழகு என்று சொல்லும் ஊரில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கவேண்டும். குலோத்துங்கன் காலத்தில் தொடங்கி நாயக்கர்கள் பெருக்கிக் கட்டிய ராஜகோபாலசுவாமி கோயிலை நாம் பார்க்கும்போது, அதன் வயதைத்தான் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் திருப்பணி என்ற பெயரில் பல கோயில்களில் நடந்ததை அறிவோம். மணல் வீச்சில் கல்வெட்டுகளின் எழுத்து மழுங்கியது. ஓவியங்களின் மேல் சுண்ணாம்பு ஏறியது. வழக்குகள் நடந்தன, 2017இல் யுனெஸ்கோ குழுவின் அறிக்கை சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. கல்லுக்காக இவ்வளவு வருந்துகிற நாம், இரும்புக்கு அதையே செய்துவிட்டுப் பெருமைப்படுகிறோம். புல்லட்டின் டேங்கில் ஓடும் தங்கநிறக் கோடு அளவுகோல் வைத்தோ ஒட்டுத்தாள் ஒட்டியோ போட்டதல்ல. தொழிற்சாலையில் ஒரு கைவினைஞர் தூரிகையால், ஒரே மூச்சில், வெறுங்கையால் இழுத்தது. எங்கள் பெரியப்பாவின் வண்டியில் வலப்பக்கக் கோடு இடப்பக்கத்தைவிடச் சற்றுத் தடித்திருக்கிறது. முட்டி உரசும் இடத்தில் அது தேய்ந்து மறைந்திருக்கிறது. திருவொற்றியூரில் ஒருவர் கை போட்டதையும் மன்னார்குடியில் ஒருவர் முட்டி அழித்ததையும் ஒருசேரத் துடைத்துவிட்டு, அதன்மேல் கணினி வெட்டிய ஒட்டுத்தாளை ஒட்டுவதற்குப் பெயர் மீட்பு என்கிறார்கள்.

சட்டமும் இந்த விஷயத்தில் ஒத்தாசையாக இல்லை. ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுச் செல்லுபடி, எண்பலகையில் வி.ஏ. என்ற தனி எழுத்து. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும். வயலுக்குப் போனால் தவறு. சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளலாம் என்றால் அதன் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. 300 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 1,000 ஆயிற்று. இருபது ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டு முதல் 2,000. தொகை பெரிதல்ல. அதன் பின்னாலுள்ள பார்வைதான் உறுத்துகிறது. பழைய வண்டி என்றால் சட்டத்துக்குத் தெரிந்தவை இரண்டுதான், காட்சிப்பொருள் அல்லது காயலான் சரக்கு. பழசாகியும் புழக்கத்திலிருக்கும் பொருள் என்று ஒன்று உண்டென்பதை அது கற்பனை செய்யவில்லை.

இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பரை ஊறவைத்துத் தின்னும். வண்டியை நிறுத்துமுன் கார்புரேட்டரை வடித்துவிடாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பழைய கதைதான். கரும்பிலிருந்து மட்டுமல்ல, இந்திய உணவுக் கழகத்தின் கையிருப்பு அரிசியிலிருந்தும் எத்தனால் காய்ச்சப்படுகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் மழையில் நனைந்த நம் நெல்லின் உறவுக்கார அரிசி, டேங்குக்குள் திரும்பிவந்து வண்டியை அரிக்கிறது என்று யாராவது சிறுகதை எழுதலாம்.

இதற்கெல்லாம் ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. புகை, இரைச்சல் என்பவற்றைச் சொல்லவில்லை. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டியின் புகையைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. நான் சொல்வது வேறு. புல்லட்டின் ஓசையை இன்று நினைவேக்கத்தோடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வண்டி நின்ற வீட்டில் வளர்ந்தவர்கள். அந்த ஓசை தெருவில் நுழைந்தபோது திண்ணையிலிருந்து எழுந்து நின்றவர்களின், துண்டை இறக்கியவர்களின் காதில் அது எப்படி ஒலித்தது? கீழ்வெண்மணி இங்கிருந்து அதிக தூரமில்லை. 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட அந்தக் கீழத்தஞ்சையில், மோட்டார் சைக்கிளில் வரக்கூடியவர்கள் யார்? மிராசுதார், அவருடைய ஏஜெண்ட், போலீஸ். புல்லட்டை அரசு வாங்கத் தொடங்கியதே காவலுக்காகத்தான். என் பெரியப்பா நல்லவர் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதைத் தீர்மானிக்கும் இடத்தில் நான் இல்லை. எங்கள் நிலத்தில் வேலைசெய்த ஒருவரின் மகன், இப்போது நடுவயது தாண்டியவர், ஓடத் தொடங்கிய வண்டியின் ஓசை கேட்டு வாசலுக்கு வந்தார். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சத்தம் கேட்டா எங்கப்பா வரப்புலேருந்து எறங்கி நிப்பாரு" என்றார். பழித்துச் சொல்லவில்லை, புகழ்ந்தும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்துக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

முழுப் புதுப்பித்தலை நான் எதிர்ப்பதற்கு இது இன்னொரு காரணம். பளபளப்பாக்கி முன்கூடத்தில் நிறுத்தப்பட்ட வண்டி, குடும்பப் பெருமையாக மட்டுமே நிற்கும். ஓடுகிற வண்டி தெருவுக்குப் போயாகவேண்டும். தெருவில் அதற்கு எல்லோருடைய நினைவும் உண்டு.

அதுபோலவே, அந்த வண்டியை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்த அறிவு அதன் உரிமையாளர்களிடம் இருந்ததில்லை. எங்கள் மெக்கானிக் பன்னிரண்டு வயதில், தஞ்சாவூரில் ஒரு பட்டறையில், பாகங்களைக் கழுவும் பையனாகச் சேர்ந்தவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் புல்லட்டுகளைப் பிரித்துப் பூட்டியிருக்கிறார். சொந்தமாக ஒரு புல்லட் அவர் வைத்திருந்ததில்லை. ஓட்டிப் பார்க்க எடுத்துப்போவது மட்டும். அவர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தமிழைக் கவனித்திருக்கிறேன். வண்டி திணறுகிறது, இருமுகிறது, தும்முகிறது, மூச்சு வாங்குகிறது, இழுவை விட்டுப்போய்விட்டது, காது அடைத்திருக்கிறது. கார்புரேட்டரில் பின்வெடி வந்தால் தும்மல், சைலன்சரில் வந்தால் இருமல். இந்த வேறுபாட்டை அவர் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. முதலாவது பெட்ரோல் போதாமையையும் இரண்டாவது பெரும்பாலும் பாயிண்ட் கோளாறையும் குறிக்கும் என்பது அவருக்கு இலக்கணம். கலைச்சொல் அகராதிகள் எதிலும் இந்த இலக்கணம் ஏறவில்லை. ஏறியிருக்கும் சொற்களை எந்தப் பட்டறையிலும் நான் கேட்டதில்லை. தமிழில் வண்டி வர்ணனைக்குக் குறைவில்லை. வண்டியைப் பழுதுபார்ப்பவர் ஒருவரின் பேச்சை, அவர் கையின் வரிசையை, பொறுமையாக எழுதிவைத்த பக்கங்கள் எத்தனை? நீடாமங்கலம் – மன்னார்குடி ரயில் பாதைகூடப் பல பத்தாண்டுகள் கிடந்துவிட்டு 2011இல் மறுபடி உயிர்பெற்றது. அதற்குப் பொறியாளர்களும் வரைபடங்களும் இருந்தார்கள். இவருடைய காதுக்கு வரைபடம் கிடையாது. அவர் மகன் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். நன்றாக நடக்கிறது.

வண்டி இப்போது ஓடுகிறது. துரு இருக்கிற இடத்தில் துருவும், சாயம் போன இடத்தில் இரும்பும் தெரிய, பாமணி ஆற்றுப் பாலம்வரை போய்த் திரும்பியது. பிரேக் ஷூ, டயர், டியூப், ஒயரிங், பேட்டரி ஆகியவை மட்டும் புதிது. அவை உயிர்காக்கும் விஷயங்கள் என்பதால் அங்கே பழமை பேசுவதற்கு இடமில்லை. ஐம்பது ஆண்டு ஆகிவிட்டதால் வி.ஏ. எழுத்துக்குத் தகுதி உண்டு. வேண்டாம், சாதாரணப் பதிவையே புதுப்பிக்கலாம் என்று நானும் தம்பியும் நினைக்கிறோம். அதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தில் பெரியப்பாவின் பெயரை மாற்றவேண்டும். அந்தப் புத்தகத்தில் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 முதல் அது திருவாரூர் மாவட்டம். வாரிசுச் சான்றிதழில் ஐந்து பெயர்கள். நான்கு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சிங்கப்பூரிலிருக்கும் அக்கா மட்டும், வண்டியைச் சாயம் பூசி அழகாக வைப்பதாக இருந்தால்தான் போடுவேன் என்கிறார். சித்திரையில் வருகிறார், பேசவேண்டும்.